ஒன்று புள்ளி ஐந்து ஆறு ஏழு

அன்புச்செல்வனை டர்பைன் கூடத்தில் பார்த்துத்தான் பிடித்துப்போனது என்று இசைப்பிரியா சொன்னபோது அவளுடைய அம்மா மாணிக்கம்மாள் நம்பவில்லை.

"பக்கத்துல நின்னு கத்தினாலே காதுல வுழாத எடம்னு நீதான சொல்லுவ? அங்க என்னாத்தடி பேசிக்கினீங்க?"

ஒன்றுமே பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் பிடித்தது.

அனல்மின் நிலையத்தில் நாற்பது நாள் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்து மறுபடியும் மாட்டிய டர்பைன் அது. மாட்டிய காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் இன்ஜினியர் அன்புச்செல்வன். மாட்டியது சரிதானா என்று சோதித்துச் சொல்ல வந்தவள் இசைப்பிரியா. பொதுவாக இப்படி வேலை முடித்துக் கொடுத்தவர்கள் சோதனை நாளில் அவளைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மீட்டரை எட்டிப் பார்ப்பார்கள், டீ வாங்கித் தருவார்கள், "என்ன மேடம், பாத்துப் போடுங்க" என்று சிரிப்பார்கள். அன்புச்செல்வன் இரண்டு நாளும் அவள் மீட்டர் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. கடைசியில் அவளே போய்க் கேட்டாள், "நீங்க ரீடிங் பாக்க வேணாமா?" என்று.

"என் மெஷினப் பத்தி என் மெஷினே சொல்லும்ங்க. நான் எதுக்கு நடுவுல?" என்று அவள் காதுக்கருகில் கத்திவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரமே மந்தாரக்குப்பத்திலிருந்து அவன் அம்மா தனபாக்கியம் இசைப்பிரியாவின் ஊரான வடக்குத்துக்கு ஆட்டோ பிடித்து வந்து பெண் கேட்டாள். கார்த்திகை கடைசி ஞாயிற்றுக்கிழமை பூ வைப்பது, தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசி முடிந்தது. அன்றைக்கு மறுநாளே இசைப்பிரியா தன் சோதனைக் கம்பெனியின் முதலாளி நான்சி மேடத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நான்சி அனல்மின் நிலையத்து அதிகாரி செல்வநாதனிடம் சொன்னாள். "ரீடிங் எல்லாம் கல்யாணப் பேச்சுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. ரிப்போர்ட்ட அந்தப் பொண்ணே முடிக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த ரிப்போர்ட்டில்தான் வினை வந்தது.

ஒப்பந்தப்படி டர்பைனின் உயர் அழுத்தப் பகுதியின் திறன் 84.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அதை மறுபடியும் பிரிக்க வேண்டும். அதன் பிறகு அந்தக் கம்பெனியில் அன்புச்செல்வனுக்கு வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இசைப்பிரியா போட்ட கணக்கில் வந்தது 84.3.

மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்று முறையும் அதேதான். கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை காலையில் வரைவு ரிப்போர்ட்டை இரு தரப்புக்கும் அனுப்பிவிட்டாள்.  மனசு என்னவோ செய்தது. ஆனால் மனசு செய்வதை எழுத ரிப்போர்ட்டில் இடம் கிடையாது.

மதியத்துக்குள் தனபாக்கியத்தின் போன் வடக்குத்துக்கு வந்துவிட்டது.

"சம்மந்தி, கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளைய ஃபெயில் பண்ணிட்டாளாமே உங்க பொண்ணு!" என்றாள். குரலில் சிரிப்பு பாதி இருந்தது, மீதிப் பாதி இல்லை.

"படிச்ச பொண்ணுதான் வேணும்னு நீங்கதான கேட்டீங்க?" என்றாள் மாணிக்கம்மாள். போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "அந்த அரைக்கால் மார்க்கப் போட்டுக் குடுத்தா ஒன் கை என்னா கொறைஞ்சா பூடும்?"

"கை கொறையாதும்மா. கையெழுத்து கொறைஞ்சிடும்."

 வடக்குத்திலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பத்துப் பெண்களுக்குள் தன் மகளும் ஒருத்தி என்ற பெருமை மாணிக்கம்மாளுக்கு உண்டு. அந்தப் பெருமையைச் சில சமயம் இப்படிச் சுமக்கவும் வேண்டியிருந்தது.

அன்புச்செல்வன் போன் செய்யவில்லை. ரிப்போர்ட் முடியும்வரை அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை என்பது அவர்களுடைய ஏற்பாடு. அவன் அதை அப்படியே காப்பாற்றினான். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஆபீசுக்கு ஒரு கடிதம் அனுப்பினான்.

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள்தான் அந்த ஆபீஸ். ரப்பர் வாசனை படியேறி உள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். நான்சி கடிதத்தைப் பிரித்துப் படித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

"இசை, உன் மாப்பிள்ளை காதல் கடுதாசி போட்டிருக்காரு. மூணு பக்கம். கேக்குறியா? 'தங்களது சோதனையில் பயன்படுத்தப்பட்ட வெப்பமானிகள் மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கலாம் என்று ஐயுறுகிறோம்.'"

இசைப்பிரியாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "என் தெர்மாமீட்டரயா? ஒவ்வொண்ணையும் கால் டிகிரி சுத்தத்துக்குச் சரிபாத்து சர்ட்டிபிகேட் வாங்கிட்டுத்தான் மேடம் உள்ள எடுத்துட்டுப் போனேன்!"

"அப்ப பதில் எழுது. சாயங்காலத்துக்குள்ள."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சண்டைக்கு என்று உட்கார்ந்தாலும் அவள் முறையாகத்தான் சண்டை போடுவாள். சர்ட்டிபிகேட்டுகளை வரிசைப்படுத்தினாள். அவன் சொன்ன மூன்று டிகிரி எப்படி வந்திருக்க முடியாது என்று ஒரு பக்கம் எழுதினாள். நன்றாகவே வந்தது. கடைசியாக அவன் கடிதத்தோடு இணைத்திருந்த தாளைப் புரட்டினாள். புது பிளேடுகளைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் தாள் அது. டர்பைனுக்குள் எந்த அழுத்தத்தில், எந்தச் சூட்டில் நீராவி நுழைய வேண்டும் என்று போட்டிருந்தது. சோதனையும் அதே அழுத்தத்தில், அதே சூட்டில்தான் நடந்தது. அந்த நீராவியின் என்ட்ரோபி என்ற இடத்தில் 1.567 என்று இருந்தது.

பேனா நின்றது.

1.567 அவளுக்கு நன்றாகத் தெரிந்த எண். அந்த அனல்மின் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிலையம் ஆரம்பித்த காலத்தில் எந்த நீல அட்டைப் புத்தகத்தைப் பார்த்துச் சோதனை செய்தார்களோ, அதிலிருந்துதான் இன்றைக்கும் நுழைவு நீராவியின் எண்களை எடுக்க வேண்டும். அன்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒரே தராசில் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த நீலப் புத்தகத்திலும் இதே நீராவிக்கு 1.567 என்றுதான் போட்டிருந்தது. அதைக் கிலோ ஜூலுக்கு மாற்றி மற்றதையெல்லாம் கம்ப்யூட்டரில் போடுவது அவள் வேலை.

ஆனால் நீலப் புத்தகம் பேசுவது கிலோவும் கிலோ கலோரியும் சென்டிகிரேடும். இந்தத் தாள் பேசுவது பவுண்டும் பி.டி.யு.வும் பாரன்ஹீட்டும். இரண்டிலும் ஒரே எண் எப்படி வரும்?

'நம்ம புத்தகத்தப் பாத்துக் காப்பியடிச்சுட்டானா?' என்று ஒரு கணம் நினைத்தாள். அச்சடித்த தாள், கீழே ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. காப்பி இல்லை.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினாள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கும் வெப்பம் ஒரு பி.டி.யு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு சென்டிகிரேட் டிகிரி சூடாக்கும் வெப்பம் ஒரு கிலோ கலோரி. இரண்டு பேரும் தண்ணீரை வைத்தேதான் அளவு வகுத்திருக்கிறார்கள். என்ட்ரோபியில் வெப்பத்தை எடையாலும் டிகிரியாலும் வகுக்கிறோம். வகுத்தால் பவுண்டும் கிலோவும் போய்விடும், இரண்டு டிகிரிகளும் போய்விடும். இங்கே ஒன்று என்றால் அங்கேயும் ஒன்று. அப்படியென்றால் எண் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும்!

இத்தனை வருடமாக இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிராளி கொடுத்த தாள் என்பதே மறந்துபோனது. சும்மா ஆசைக்கு பி.டி.யு. வழியாகவும் கிலோ ஜூலுக்குப் போய்ப் பார்ப்போம் என்று கால்குலேட்டரை எடுத்தாள். பவுண்டுக்கு இத்தனை பி.டி.யு. என்பதைக் கிலோவுக்கு இத்தனை கிலோ ஜூல் ஆக்க 2.326ஆல் பெருக்க வேண்டும். டிகிரியை மாற்ற 1.8. பெருக்கினாள்.

6.5607.

அவளுடைய ரிப்போர்ட்டில் இருந்தது 6.5563.

இசைப்பிரியா அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். புறப்பட்ட எண் ஒன்று, போய்ச் சேர வேண்டிய இடமும் ஒன்று. பாதை இரண்டு. இரண்டு விடை வந்தால் ஒரு பாதையில் தப்பு. 2.326ஐ 1.8ஆல் பெருக்கினால் 4.1868. அவள் கம்ப்யூட்டரில் கணக்குத் தாளைத் திறந்து என்ட்ரோபி கட்டத்தைச் சொடுக்கினாள். அதில் 4.184 என்று இருந்தது.

அந்த ஒரு கட்டம் அவள் போட்டது. மற்ற கட்டங்களையெல்லாம் நான்சி மேடம் கம்பெனி ஆரம்பித்தபோதே போட்டுவிட்டாள். எல்லாவற்றிலும் 4.1868 ஒழுங்காக இருந்தது. இந்த வருடம்தான் என்ட்ரோபி வைத்துத் திறன் கணக்கிடச் சொன்னார்கள். இசைப்பிரியா புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள். ஒரு கலோரிக்கு 4.184 ஜூல் என்று மனப்பாடமாகப் போட்டாள். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படித்தது. இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு மார்க் வாங்கிக்கொடுத்த எண், சந்தேகப்படத் தோன்றவே இல்லை. கெமிஸ்ட்ரிக்காரர்களின் கலோரி வேறு, நீராவிக்காரர்களின் கலோரி வேறு. ஒரே பெயரில் ஒரு மயிரிழை வித்தியாசத்தில் இரண்டு கலோரிகள் உலகத்தில் இருக்கின்றன. அந்த மயிரிழை, அறுநூறு கெல்வின் சூட்டோடு பெருகி, திறனில் அரை சதவீதத்துக்கு மேல் தின்றுவிட்டிருந்தது.

கட்டத்தைத் திருத்தினாள். 84.3 அழிந்து 84.9 வந்து நின்றது.

"மேடம்," என்றாள். குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது. "தெர்மாமீட்டர் சரி. ரிப்போர்ட் தப்பு. நான் பண்ணுன தப்பு."

நான்சி வந்து தாளைப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா நீ போய் இதச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? புதன்கிழமை ஃபெயில், வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை லெட்டர், சனிக்கிழமை பாஸ், ஞாயித்துக்கிழமை பூ வைக்கிறாங்க. டவுன்ஷிப் முழுக்க சிரிப்பாங்கடி. இனிமே நீ எந்த மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டாலும் 'யாரு மாப்பிள்ளை?'ன்னுதான் கேப்பாங்க."

"தெரியுது மேடம்."

"நான் கண்டுபிடிச்சேன்னு எழுதிடறேன். நீ வராத. ஒதுங்கிக்க."

அது அன்பான யோசனைதான். அவளைக் காப்பாற்றத்தான் நான்சி சொன்னாள். இசைப்பிரியா ஒரு நிமிடம் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் யோசித்தாள்.

"தப்புக் கட்டத்துல என் கையெழுத்து இருக்கு. திருத்துறதுல வேற கையெழுத்து இருந்தா, நான் எதையோ மறைச்ச மாதிரிதான் ஆவும். நானே வரேன். என் பேச்ச அவர் நம்பவே வேணாம். நம்பாம இருந்தாலும் செல்லுற மாதிரி சொல்றேன்."

நான்சி எழுந்து கதவைத் திறந்தாள். "திமிருதான் உனக்கு," என்றாள். அதில் குறை இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு செல்வநாதனின் அறையில் உட்கார்ந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் இசைப்பிரியாவும் நான்சியும். எதிர்ப்பக்கம் அன்புச்செல்வன், தேய்த்த சட்டையில், தன் கடிதத்தின் நகலோடு. அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவள் பதிலுக்கு அசைக்கவில்லை. செல்வநாதன் ரிடையர் ஆக இரண்டு வருடம் இருக்கும் மனிதர். சிரிப்பதற்குத் தனியாகக் காரணம் தேடுகிறவர்.

"முதல்ல இவங்க லெட்டருக்குப் பதில் சார்," என்றாள் இசைப்பிரியா. சர்ட்டிபிகேட்டுகளை வரிசையாக வைத்தாள். வெப்பமானி ஒவ்வொன்றாகச் சொல்லி, மூன்று டிகிரி என்பது நடக்காத காரியம் என்று ஐந்தே நிமிடத்தில் காட்டினாள். அன்புச்செல்வனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் கடித நகலை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டான்.

"அப்ப 84.3தான்," என்று செல்வநாதன் பேனாவை எடுத்தார்.

"இல்ல சார். அதுவும் தப்பு. என் தப்பு."

 அவள் நிறுத்தாமல் சொன்னாள். எந்தக் கட்டம், என்ன எண், ஏன் போட்டாள் என்பது வரை. திருத்தினால் என்ன வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

செல்வநாதன் பேனாவை மூடினார். "ஏம்மா, நாளைக்கு உனக்கும் இவருக்கும் பூ வைக்கிறாங்க. எனக்கே பத்திரிகை மாதிரி சேதி வந்தாச்சு. இன்னிக்கு நீ வந்து கணக்க மாத்தணும்ங்கிற. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"நம்பாதீங்க சார்."

"என்னது?"

"என்ன நம்பாதீங்க. என் கம்ப்யூட்டரயும் நம்பாதீங்க. இது உங்க நீலப் புத்தகம். இது பிளேடு கம்பெனி தாள், அஞ்சு வருசத்துக்கு முன்னாடி அச்சடிச்சது. ரெண்டுலயும் 1.567. நீங்களே பி.டி.யு. வழியா வாங்க. கலோரிங்கிற பேச்சே அதுல வராது. அதுக்கு அப்புறம், நாங்க எடுத்த அசல் ரீடிங்க மட்டும் உங்க செக்‌ஷன்ல யாருகிட்டயாவது குடுங்க. என்ன விடை வரணும்னு சொல்லாதீங்க. அவங்க என்ன போடறாங்களோ அதுவே ரிப்போர்ட்டு."

செல்வநாதன் கால்குலேட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய ஆட்களுக்கே உரிய முறையில், தாளில் நீளமாகப் பெருக்கினார். ஒரு இடத்தில் கை விட்டுப்போய் அடித்துத் திருத்தினார். 6.5607 வந்தது. அவர் உதடு எதையோ சொல்லிப் பார்த்தது.

"இதே கட்டத்த வெச்சு வேற எத்தன ரிப்போர்ட் போயிருக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள். "ரெண்டு சார். ரெண்டுமே பாஸானதுதான், விடை இன்னும் ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால யாருக்கும் நஷ்டமில்ல. இருந்தாலும் ரெண்டு எடத்துக்கும் காலையிலயே என் பேருல லெட்டர் போயிடுச்சு. நகல் இந்தாங்க."

அவர் நகலைப் படித்தார். மணியை அழுத்தினார். "டெய்சிய வரச் சொல்லுப்பா." வந்த பெண்ணிடம் ரீடிங் தாள்களை மட்டும் கொடுத்து, "உயர் அழுத்தத் திறன் போட்டுக் கொண்டா. யாரையும் ஒண்ணும் கேக்காத" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ஒரு மணி நேரம் ஆகும். கேன்டீன்ல இருங்க" என்றார்.

கேன்டீனில் நான்சி வேண்டுமென்றே தூரத்து மேசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்புச்செல்வன் இரண்டு டீ வாங்கி வந்து வைத்தான். 

"மூணு டிகிரியா?" என்றாள் இசைப்பிரியா.

அவன் தலையைச் சொறிந்தான். "மெஷின் சரின்னு எனக்குத் தெரியும். அப்ப வேற எங்கியோதான் தப்பு இருக்கணும். எங்கன்னு தெரியல. சும்மா தெர்மாமீட்டர் மேல போட்டேன்."

"சும்மா! ஒரு வாரமா அதுங்கள கொழந்த மாதிரி துணியில சுத்தி எடுத்துக்கினு திரிஞ்சிருக்கேன். என் மேல போட்டிருந்தாகூடப் பரவால்ல."

"உன் மேல போட மனசு வரல."

"ஆனா தப்பு என் மேலதான் இருந்துது."

"அதான் நீயே போட்டுக்கினியே. அவ்ளோ பேரு முன்னாடி." அவன் டீயை எடுத்தான். "உள்ள நீ பேசிக்கினு இருந்தப்ப எனக்கு நாளைக்கு வரணுமா வேணாமான்னே சந்தேகமாயிடுச்சு. இப்படிப்பட்ட ஆளுகிட்ட தெனமும் சாம்பார்ல உப்பு கம்மின்னு எப்படிச் சொல்றது?"

"அளந்துட்டுச் சொல்லுங்க," என்றாள் அவள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டெய்சி என்னா போடுவாங்க?"

"84.9."

"வரலன்னா?"

"வராம எங்க போவும்? உங்க மெஷினப் பத்தி உங்க மெஷினே சொல்லும்னு சொன்னீங்க இல்ல? அது சொல்லிடுச்சு. நான்தான் தப்பாக் கேட்டுக்கினேன்."

ஒரு மணி நேரம் என்றது ஒன்றரை மணி நேரமானது. திரும்பிப் போனபோது செல்வநாதனின் மேசையில் டெய்சியின் கையெழுத்தில் ஒரே ஒரு தாள் இருந்தது. அவர் அதை இசைப்பிரியாவின் பக்கம் திருப்பினார். 84.9.

"ரிப்போர்ட்ட திருத்தி, திருத்துன காரணத்தையும் முதல் பக்கத்துலயே எழுதிக் குடு. உன் கையெழுத்தோட," என்றார். "அடுத்த மாசம் இன்னொரு யூனிட் எடுக்கிறோம். அதுக்கும் நீயே வா. இந்தத் தடவ மாப்பிள்ளை யாரும் இல்லாத மெஷினாப் பாத்து வெக்கிறேன்." காரணம் தேடாமலே சிரித்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்ததும் அன்புச்செல்வன் பெருமூச்சு விட்டு, "அப்பாடா. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறோம்" என்றான்.

"வாங்க. வரும்போது ஒரு லெட்டரும் கொண்டு வாங்க."

"என்னா லெட்டரு?"

"தெர்மாமீட்டர் மேல சொன்னத வாபஸ் வாங்குறேன்னு. கம்பெனி தாள்ல, தேதி போட்டு. என் தப்ப நான் எழுதிக் குடுத்தாச்சு. உங்களுத யாரு எழுதுவா? அது வந்தாத்தான் பூ."

அவன் விளையாட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வடக்குத்து வீட்டில் பாய் விரித்து, பழத்தட்டுகள் வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தனபாக்கியம் மல்லிகைச் சரத்தோடு பெண்ணுக்குப் பின்னால் வந்து நின்றாள். இசைப்பிரியா தலையைக் குனியவில்லை. அன்புச்செல்வன் இருந்த பக்கம் பார்த்துக் கையை மட்டும் நீட்டினாள்.

"என்னாடி இது, பூ வைக்கிற நேரத்துல?" என்று மாணிக்கம்மாள் பதறினாள்.

அன்புச்செல்வன் பட்டுச் சட்டையின் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் பிரித்தாள். மூன்றே வரி. தேதி இருந்தது, கம்பெனி முத்திரை இருந்தது, 'தங்களது வெப்பமானிகள் முற்றிலும் சரியானவை' என்றும் இருந்தது. முழுவதையும் படித்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்தாள்.

"மாப்பிள்ளை பாஸா?" என்று கேட்டாள் தனபாக்கியம், சரத்தைக் கொண்டையில் சுற்றிக்கொண்டே.

"மெஷின் நேத்தே பாஸ் அத்தை," என்றாள் இசைப்பிரியா. "இவரு இப்பதான்."